இரண்டு கோலங்களுக்கு நடுவே

இன்று காலை காபியோடு பால்கனியில் நின்றிருந்தபோது வெள்ளைச் சாயத்தின் வாசனை மேலே ஏறி வந்தது. கோபாலபுரத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு நேர் எதிரே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருப்பது உனக்குத் தெரியும். அதன் வாசலில் நாலைந்து மாணவர்கள் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சாலையின் குறுக்கே பட்டை பட்டையாகச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் பட்டால் மின்னும் பச்சைச் சட்டை, கழுத்தில் விசில். சாயங்காலம் சின்னப் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் கார்களையும் ஆட்டோக்களையும் இனி அவர்கள்தான் நிறுத்தி அனுப்பப் போகிறார்களாம்.

கைத்தடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். மூன்றாவது பட்டை கோணலாக இருக்கிறது என்று சொன்னேன். பதினான்கு வயதிருக்கும் ஒரு பெண் நிமிர்ந்து பார்த்து, "டேப் வெச்சுதான் பாட்டி போட்டோம்" என்றாள். டேப்பைக் கோணலாக வைத்திருக்கிறீர்கள் என்றேன். அளந்து பார்த்தார்கள். இரண்டு விரற்கடை தப்பு. என் கண் சொன்னது சரி. உனக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. உனக்கும் எனக்கும் பதினான்கு வயதானபோதே கோடு நேராக இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்று வகுப்பு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நீ.

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் அழவில்லை. இன்று அந்தச் சாய வாசனையில்தான் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது.

யுத்தம் முடியாத காலம் அது. நம் கான்வெண்ட் வாசலில் சாயங்காலம் நாலு மணி எப்படி இருக்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். எதிர்ச் சாரியில் தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கீழே இருபது ஜட்காக்கள். அவற்றுக்கு இடையில் புகுந்து நிற்கும் கை ரிக்‌ஷாக்கள். பெட்ரோல் கிடைக்காததால் பின்பக்கம் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு புகைந்தபடி வரும் இரண்டு கார்கள். மணி அடித்ததும் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவரவர் வண்டியைத் தேடிக் குதிரைக் கால்களுக்கு நடுவே ஓடுவார்கள். இந்த நெரிசலைப் பொருட்படுத்தாமல் அடையாற்றுப் பக்கம் போகும் ராணுவ லாரிகள் ஹாரனை அழுத்திக்கொண்டே போகும்.

நீயும் உன் தங்கையும் ராயப்பேட்டையிலிருந்து வருவீர்கள். உன் அப்பாவுக்கு அங்கே சேணக் கடை. குதிரைகளுக்கான கடிவாளம், வார், கண்மறைப்பு எல்லாம் தைப்பார். அதனால் நம் வாசலுக்கு வரும் ஜட்காக்காரர்கள் எல்லோருக்கும் நீ கடைக்காரர் மகள். நான் மயிலாப்பூர் வக்கீல் வீட்டுப் பெண். என் அதிகாரத்தைப் பார்த்து முதல் வருஷமே எனக்கு நீ வைத்த பெயர் மாமி. பாவாடை தாவணியில் இருந்த என்னை நீ அப்படிக் கூப்பிட்டதை நான் ஒருநாளும் மன்னித்ததில்லை. வேறு யாரும் கூப்பிட விட்டதும் இல்லை.

உன் தங்கைக்கு அடிபட்ட நாளை நாம் இருவரும் பிறகு அதிகம் பேசியதில்லை. லாரி ஹாரன் அடித்தது. ஒரு குதிரை மிரண்டு பின்வாங்கியது. ஜட்காவின் சக்கரம் அவள் கால்மேல் ஏறியது. ஏழு வயதுக் குழந்தை. நீ அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குள் ஓடியபோது அவளுடைய ஒரு ஷூ சாலையில் கிடந்தது. நான்தான் அதை எடுத்துவந்தேன்.

ஒரு வாரம் கழித்து நீ மட்டும் வந்தாய். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவள், அன்று சிரிக்காமல் சொன்னாய். "அரைப் பரீட்சை எழுதிட்டு நின்னுக்கோன்னுட்டாரு அப்பா. தங்கச்சியும் வேணாம், நானும் வேணாமாம். ஒரு கால் ஒடிஞ்சது போதுமாம்."

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. வகுப்பில் கணக்கில் என்னை முந்தக்கூடியவள் நீ ஒருத்திதான். நீ இல்லாத வகுப்பில் முதலாவதாக வருவதில் எனக்கு என்ன பெருமை இருக்க முடியும்? அப்படித்தான் அன்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அதைவிட எளிமையானது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் வீட்டில் சொல்லாமல் உன்னோடு உன் அப்பாவின் கடைக்கு வந்தேன். தோல் வாசனையும் மெழுகு வாசனையும் நிறைந்த கடை. அவர் ஒரு வாரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒழுங்கு வந்தால் உன்னைத் தொடர்ந்து அனுப்புவாரா என்று நேராகக் கேட்டேன். ஒழுங்கை யார் கொண்டுவருவது என்று கேட்டார். நாங்கள்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

"நா வந்து பாக்கறேம்மா" என்றார். "என்னைக்குன்னு சொல்ல மாட்டேன்."

நம் தலைமைக் கன்னியாஸ்திரி மதரிடம் அனுமதி வாங்கும் பொறுப்பு எனக்கு. சாலை போலீஸின் பொறுப்பு என்று அவர் முதலில் மறுத்தார். போலீஸ்காரர் முச்சந்தியைவிட்டு நகர்வதில்லை என்று விளக்கினேன். கடைசியில் பரீட்சை வரைக்கும் அனுமதி கொடுத்தார். கத்தக் கூடாது, வாசலிலிருந்து இடமோ வலமோ பத்து அடிக்கு மேல் போகக் கூடாது என்பவை நிபந்தனைகள்.

நம் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்தோம். முதல் நாள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். ஒரு குழந்தையும் நிற்கவில்லை, ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஒரு ஜட்காக்காரர் என்னைக் கடந்து போகும்போது, "இன்னா பாப்பா, போலீஸ் வேலைல சேந்துகினியா? தொப்பி எங்க கீது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மற்ற வண்டிக்காரர்களோடு சேர்ந்து நீயும் சிரித்தாய். அதையும் நான் மன்னிக்கவில்லை.

அன்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். குழந்தைகள் நடக்க ஒரு பாதையைத் தரையில் வரைந்து காட்ட வேண்டும். சாக்குக் கட்டிக் கோடு ஒரு சக்கரம் ஏறினால் போய்விடும். எனக்குத் தெரிந்த, தெளிவாகத் தெரியக்கூடிய வெள்ளைக் கோடு ஒன்றுதான். எங்கள் தெருவில் என்னைப்போல் நேராகப் படிக்கோலம் போட யாருமில்லை. இன்றும் இல்லை. அரிசி ரேஷனில் இருந்த நாட்கள் என்பதால் கல்மாவு எடுத்துக்கொண்டேன். என் அம்மா டப்பாவைப் பார்த்துவிட்டு, "நடுரோட்டுல கோலமா? ஜட்காக்காரா மிதிக்கறதுக்கா?" என்று கேட்டாள். பள்ளிக்கூட வேலை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றரை மணிக்குத் தோட்டக்காரரிடம் பூவாளி வாங்கிச் சாலையில் தண்ணீர் தெளித்தோம். கடல் காற்றில் மாவு பறக்காமலிருக்க வேண்டுமே. வாசலிலிருந்து எதிர்ச் சாரிவரை, ஆறடி அகலத்தில், குறுக்கும் நெடுக்குமாக இழை இழையாகப் போட்டேன். நீயும் மற்றவர்களும் இரண்டு பக்கமும் கை நீட்டி நின்றீர்கள். ஒரு கோடுகூடப் பிசகவில்லை. எழுந்து நின்று பார்த்தபோது எனக்கே கர்வமாக இருந்தது.

மணி அடித்தது. முதலில் ஓடிவந்தது இரட்டைப் பின்னலோடு ஒரு ஐந்து வயதுக் குழந்தை. கோலத்தின் விளிம்பில் வந்து நின்றாள். குனிந்து பார்த்தாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோலத்தைச் சுற்றிச் சாலையில் இறங்கி, வண்டிகளுக்கு நடுவே ஓடினாள்.

அடுத்தவளும் அப்படியே. அதற்கடுத்தவளும். நடங்கள், நடங்கள் என்று நான் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். ஒரு குழந்தை என்னை ஏறிட்டுப் பார்த்து, "கோலத்த மிதிக்கக் கூடாதுக்கா" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கோலத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று கூட்டம் பிரிந்து, முன்பைவிட அகலமாகச் சாலை முழுவதும் பரவியது. நல்லவேளை, அன்று லாரி வரவில்லை.

மேல்மாடி ஜன்னலிலிருந்து மதர் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே நம் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். குழந்தைகள் ஏன் மாவின்மேல் நடக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டார். ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. நீதான் பதில் சொன்னாய். பலிபீடத்துத் துணி தரையில் விரிந்து கிடந்தால் நீங்கள் அதன்மேல் நடந்து போவீர்களா, மதர்? அவர் ஜன்னல் வழியே மறுபடி கோலத்தைப் பார்த்தார். பிறகு, சரிசெய்ய நாளை ஒருநாள் தருகிறேன் என்றார்.

படியிறங்கும்போது நான் உன்னைவிட இரண்டு படி முன்னால் போனேன். நீ விட்டாயா? "மாமி, நீ போட்டது ரோடு இல்ல, உங்க சாமி ரூம்" என்றாய். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதைப் பார்த்ததும் நீ சிரிப்பை நிறுத்தினாய். நான் குழந்தைகளையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ வேறொன்றைப் பார்த்திருந்தாய். என்னைக் கேலி செய்த அதே ஜட்காக்காரர் கோலத்தின் முன்னால் வந்ததும் கடிவாளத்தை இழுத்து நிறுத்தினாராம். கீழே இறங்கி, குதிரையின் வாயைப் பிடித்து, தாருக்கு வெளியே மண் ஓரமாகச் சுற்றி நடத்திக்கொண்டு போனாராம்.

"புள்ளைங்க மிதிக்கலன்னா வண்டிக்காரங்களும் மிதிக்கலதானே" என்றாய். "அப்ப கோலத்த வண்டிக்குப் போடு. புள்ளைங்களுக்கு ஒண்ணும் போடாதே. சும்மா விடு."

எனக்குப் புரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. ஒத்துக்கொள்ள இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் இரண்டு கோலம். வாசலுக்கு இடப்பக்கம் சாலையின் குறுக்கே ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே பத்தடிக்கு வெறும் தார். நான் மாவைத் தூவிக்கொண்டிருந்தபோது நீ ஜட்காக்களுக்கு நடுவே ஒவ்வொருவரிடமாகப் போய்க்கொண்டிருந்தாய். பத்தடி நிபந்தனையை நீ அன்றே காற்றில் விட்டாய். சிலரிடம் தமிழில், சிலரிடம் உருதுவில் பேசினாய். கோலத்தின் முன்னால் நிறுத்த வேண்டும், நிறுத்தியதும் இறங்கிக் குதிரையின் வாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டாவது விதி உன் சொந்த விதி. உன் தங்கைக்காக வந்தது.

வெள்ளைத் தாடிக்கார வண்டிக்காரர் ஒருவர், கோலம் நம்முடைய வழக்கம் இல்லையே, நமக்கு எதற்கு இது என்று உன்னைக் கேட்டாராம். நீ அவரிடம் சொன்னதை அன்று சாயங்காலம் எனக்குத் திருப்பிச் சொன்னாய்.

"சாமிக்கு இல்ல, சாச்சா. என் தங்கச்சி காலுக்கு."

அதற்குப் பிறகு அவர் வண்டிதான் தினமும் முதல் வண்டியாக நின்றது.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து, இடப்பக்கம் கோலத்தைப் பார்த்து, வலப்பக்கம் கோலத்தைப் பார்த்து, இரண்டையும் மிதிக்காமல் நடுவே ஒட்டி ஒட்டி நடந்தார்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு குழந்தை தன் தம்பியின் கையைப் பிடித்து, ஓரம் போகாதே, கோலம் அழிந்துவிடும் என்று கண்டித்துக்கொண்டே போனாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. மரங்களுக்குக் கீழே, கூட்டத்தில், உன் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாய்.

அவர் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பரீட்சைக்கு நாலு நாள் இருந்தபோது வந்தார். நாம் அவரை முதலில் பார்க்கவே இல்லை.

அன்றுதான் லாரியும் வந்தது. கோலத்தைப் பற்றி லாரிக்கு என்ன தெரியும்? பிள்ளைகள் பாதிச் சாலையில் இருந்தார்கள். ஹாரன் சத்தம் நெருங்கியது. நான் பிள்ளைகள் பக்கம் ஓடாமல் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன், அதை இன்று ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கோலத்துக்கு முன்னால் அந்த வெள்ளைத் தாடிக்காரரின் ஜட்கா நின்றது. அதன் பக்கத்தில் இன்னொரு ஜட்கா. பின்னால் இரண்டு ரிக்‌ஷாக்கள். லாரி போவதற்கு இடமில்லை. பிரேக் கிறீச்சிட நின்றது. ஹாரன் நிற்காமல் அடித்தது. குதிரை தலையை உதறியது. அவர் அதன் வாயைப் பிடித்தபடி, காதில் ஏதோ சொல்லிக்கொண்டு, அசையாமல் நின்றார். லாரியிலிருந்து ஒருவன் தலையை நீட்டித் திட்டினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "குதிரைக்கு வாரு அவுந்துகிச்சு சார், கட்டிகினு கீறேன்" என்றார். வார் நன்றாகத்தான் இருந்தது. அது உன் அப்பா தைத்த வார்.

கடைசிக் குழந்தை எதிர்ச் சாரிக்குப் போகும்வரை நீ சாலையின் நடுவில் கையை உயர்த்திக்கொண்டு நின்றாய். பிறகு கையை இறக்கினாய். வார் உடனே கட்டியாகிவிட்டது. வண்டிகள் ஒவ்வொன்றாக மண் ஓரமாகச் சுற்றிப் போயின. லாரி கோலத்தின்மேல் ஏறிப் போனது. என் படிக்கோலத்தில் இரண்டு கருந்தடங்கள். முதல் தடவையாக எனக்கு அதில் வருத்தம் வரவில்லை.

மரத்தடியில் யாரோ செருமினார்கள். உன் அப்பா. வெள்ளைத் தாடிக்காரரின் குதிரைக் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, அந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டார். அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை நீ ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாய். பிரித்தால், தோளிலிருந்து குறுக்காகப் போட்டுக்கொள்ள இரண்டு சிவப்புத் தோல் வார்கள்.

"அப்பா தெச்சாரு. ஒண்ணு உனக்கு. அளவு கேட்டாரு, குதிரை அளவுதான்னு சொல்ட்டேன்" என்றாய். பிறகு சாதாரணமாக, "தங்கச்சிக்கு கட்டு பிரிச்சதும் அவளும் வரா" என்றாய்.

நீ அந்த வாசலில் மேலும் மூன்று வருஷம் நின்றாய். பள்ளி இறுதியில் கணக்கில் என்னைவிட அதிக மார்க் வாங்கினாய். பயிற்சி முடித்து, ராயப்பேட்டையிலேயே ஆசிரியையாகி, உன்னிடம் படித்த பெண்களின் பெண்களுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தாய். நான் கல்யாணமாகி, ஊர் ஊராகப் போய், இவர் ஓய்வு பெற்ற பிறகு கோபாலபுரத்துக்கு வந்து சேர்ந்தேன். இவர் போனபோது முதல் ஆளாக வந்து, நேரே என் சமையலறைக்குள் போய்க் காபி போட்டவள் நீ. மோசமான காபி.

ஒன்று பாக்கியிருக்கிறது. அந்த வருஷக் கடைசியில் பரிசளிப்பு விழாவில் மதர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். இரண்டு கோலங்கள் என்பது என்னுடைய யோசனையா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். ஆமாம், மதர், என்றேன். அவ்வளவு எளிதாக வந்தது அந்த வார்த்தை. நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட பலமாகக் கை தட்டினாய். அந்தச் சத்தம் பல வருஷம் என் காதில் இருந்தது. இவர் போன பிறகு ஒரு மத்தியானம், நாம் இரண்டு கிழவிகளும் உட்கார்ந்திருந்தபோது, அதைச் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாததால் சரியாகக்கூடச் சொல்லத் தெரியவில்லை.

நீ தோள்பட்டையைக் குலுக்கினாய். "கோடு உன்னுது மாமி, காலியிடம் என்னுது. ரெண்டுல ஒண்ணு இல்லாட்டி புள்ளைங்க எதுல நடந்திருக்கும்?"

நீ விட்டுக்கொடுத்தாய். நான் விடவில்லை. இன்று காலை கோணல் பட்டையைச் சரி செய்த பிறகு, மின்னும் சட்டை போட்ட அந்தப் பெண்ணுக்கு முழுக் கதையையும் சொன்னேன். கையில் தூரிகையோடு நின்று கேட்டாள். "சூப்பர் ஐடியா பாட்டி. உங்களோடதா?" என்றாள்.

இல்லை என்றேன். உன் பெயரைச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னதில் ஒரு எழுத்து பிசகியது. திருத்தினேன். சரியாக வரும்வரை விடவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் விசில் ஊதினாள். வண்டிகள் நின்றன. சின்னப் பிள்ளைகள் வெள்ளைப் பட்டைகளின்மேல் தொம் தொம் என்று குதித்துக்கொண்டே போனார்கள். மிதிப்பதற்கென்றே போட்ட கோடு. அதைப் பார்த்துக்கொண்டு, நானும் கடக்க வேண்டுமென்று வாசலில் நின்றேன். முதல் பட்டைக்கு முன்னால் என் கால் தானாக நின்றுவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாகிறது, இன்னும் நிற்கிறது. வண்டிக்காரர்கள் எல்லோரும் காத்திருந்தார்கள். யாரோ ஹாரன் அடித்தார்கள். அந்தப் பெண் கையை உயர்த்தியபடி என்னைப் பார்த்தாள். நீ நின்ற மாதிரியேதான் நின்றாள்.

மிதி மாமி, இது உனக்குப் போட்டது, என்று நீ சொல்வது கேட்டது. மிதித்தேன்.

நான் திருத்திய பட்டையில் மட்டும் சாயம் இன்னும் முழுவதும் காயவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது செருப்பின் அடியில் ஒரு வெள்ளைத் தீற்று. வாசல் மிதியடியில் அழுக்கு ஒட்டினாலே வேலைக்காரியைக் கூப்பிடுகிற நான், அதைத் துடைக்கவில்லை. உன் அப்பா தைத்த சிவப்பு வாருக்குப் பக்கத்தில், அலமாரியின் அடித்தட்டில், அந்தச் செருப்பை அப்படியே வைத்திருக்கிறேன்.